வெயிலுகந்தம்மாள் மோந்து பார்த்த கியர் ஆயில்

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் ஆயில் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருசம் ஆகிறது. லாரி, டிராக்டர், வேன் என்று எல்லா வண்டிக்காரர்களும் வருவார்கள். அவர்களில் பாதிப்பேர் டப்பாவின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்குவார்கள். மீதிப்பேர் நான் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போவார்கள். மூடியைத் திறக்கச் சொல்லி, எண்ணெயை மோந்து பார்த்த ஒரே ஆள் வெயிலுகந்தம்மாள்தான். போன வருசம் ஐப்பசியில் ஒரு காலை நேரம் அது நடந்தது. என் மீதுதான் தப்பு என்று அந்த அம்மாள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

வெயிலுகந்தம்மாளுக்குப் பிறந்த ஊர் எப்போதும்வென்றான். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருசம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். இவர் சட்டத்தில் குச்சி அடுக்குவார். அடுத்த கொட்டகையில் அதை மருந்தில் முக்குவார்கள். அந்த ஆபீஸிலிருந்து பண்டல் ஏற்றிப்போகும் லாரிக்கு டிரைவராக இருந்தவர் தங்கமாரி. தொண்ணூறாம் வருசம் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது. விரும்பிச் செய்துகொண்டதா என்று ஒருமுறை கேட்டேன்.

"அவிய ஹாரன் அடிப்பாவ, நான் நிமிந்து பாப்பேன். அதுக்கு என்ன பேருன்னு தெரியல அண்ணாச்சி" என்றார்.

மூன்று வருசம் கழித்துத் தங்கமாரி சொந்தமாக ஒரு லாரி எடுத்தார். நீல நிறக் கேபின். விளாத்திகுளத்திலிருந்து வத்தல், குளத்தூரிலிருந்து உப்பு, புதியம்புத்தூரிலிருந்து துணி மூட்டை என்று எந்த லோடு கிடைத்தாலும் ஏற்றினார். அடுத்த மாசியில் பருத்தி மும்முரமாக வரும் நேரத்தில் கிளீனர் வேலையை விட்டுப் போய்விட்டான். வேறு ஆள் கிடைக்கவில்லை. லோடு காத்துக் கிடந்தது. "நான் வாரேன்" என்று இவர் சேலைக்கு மேல் புருசனின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார். ஒரு நடைக்கு என்று ஏறியவர் பத்து வருசம் இறங்கவில்லை.

பேருக்குக் கூடப் போனவர் இல்லை. தார்ப்பாய் இழுத்துக் கயிறு கட்டுவார். மேட்டில் வண்டி நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார். ஸ்பேனரால் டயரைத் தட்டிப் பார்த்துக் காற்று எவ்வளவு இருக்கிறது என்று சொல்வார். எல்லாவற்றையும்விட அவருக்கு நன்றாகத் தெரிந்தது சத்தம். கியர்பாக்ஸ் அவர் காலடியில்தான் இருந்தது. தினமும் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் அதன் பாட்டைக் கேட்டுக்கொண்டே போனால் தெரியாமல் இருக்குமா? தங்கமாரி கியர் போடுவதற்கு முன்னாலேயே, இப்போது மூன்றுக்கு வருவார், இப்போது இரண்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாராம். கியர் பெட்டியைத் திறந்து வேலை நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டு வைத்துக்கொள்வார். அவர்களுடைய மெக்கானிக் குருசாமியும் அலுக்காமல் சொல்வார்.

கல்யாணம் ஆகிப் பதினாலு வருசம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஊரில் விசேஷ வீடுகளுக்குப் போனால் அதைத்தான் கேட்பார்கள். லாரியில் யாரும் கேட்கமாட்டார்கள். டீக்கடைகளில் அவரைக் கிளீனர் என்றே நினைத்தார்கள். இரண்டாயிரத்து நாலில் மகள் ஐஸ்வர்யா பிறந்தாள். கைப்பிள்ளையோடு லாரியில் போக முடியாது. வெயிலுகந்தம்மாள் கேபினை விட்டு இறங்கினார். அதற்குப் பிறகு இருபது வருசம் ஏறவே இல்லை.

ஆனால் காது மட்டும் வண்டியோடு போய்க்கொண்டிருந்தது. அவர்களுடைய வீட்டுத் தெரு திருப்பத்தில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அங்கே மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றித்தான் ஆகவேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்பில் தோசைக்கல்லை வைப்பார். தங்கமாரி கைகால் கழுவி வருவதற்குள் முதல் தோசை தட்டில் இருக்கும்.

இன்ஜினுக்குப் பக்கத்தில் அத்தனை வருசம் உட்கார்ந்ததில் தங்கமாரிக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. ஐந்தாறு வருசத்துக்கு முன்னால் ஒருநாள், பின்னால் பைக்குக்காரன் ஹாரன் அடித்தது கேட்காமல் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டார். யாருக்கும் அடி இல்லை. வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினார், அப்புறம் எடுக்கவில்லை. கேபினில் ஏறுவதையும் விட்டுவிட்டார். வெயிலுகந்தம்மாளின் அண்ணன் மகன் சங்கிலிப்பாண்டி வண்டி ஓட்ட ஆரம்பித்தான். நாற்பது வயசு, பொறுப்பான ஆள்.

போன ஆவணியில் சங்கிலிப்பாண்டி என் கடைக்கு வந்தான். அதுவரை அந்த வண்டிக்கு ஆயில் மாற்றுவதெல்லாம் குருசாமி மெக்கானிக்தான். அவர் தூத்துக்குடியில் மகன் வீட்டோடு போய்விட்டார். கியர்பாக்ஸுக்கு ஆயில் வேண்டும் என்று கேட்டான். எந்த வருச வண்டி என்று நான் கேட்கவில்லை. அதுதான் என் முதல் தப்பு.

கியர் ஆயில் டப்பாவில் இரண்டு விசயம் போட்டிருக்கும். எண்பது–தொண்ணூறு என்று இருப்பது எண்ணெயின் கெட்டி. ஜி.எல். நாலு, ஜி.எல். அஞ்சு என்று இருப்பது அதில் கலந்திருக்கும் மருந்தின் பலம். கெட்டி ஒன்றாக இருந்தாலும் மருந்து வேறாக இருக்கும். நான் அஞ்சை எடுத்துக் கொடுத்தேன்.

"முன்னாடி நாலுதான் ஊத்துனதா ஞாபகம் அண்ணாச்சி" என்றான்.

"நாலு பெரிசா, அஞ்சு பெரிசா? இது புதுசு. எல்லாத்துக்கும் ஆகும், கொண்டு போ" என்றேன்.

எனக்கு அப்படித்தான் தெரியும். நம்பர் கூடினால் சரக்கு உசத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய வண்டிக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் கொடுத்தேன்.

ஐப்பசி பிறந்தபோது வேகத்தடையில் சத்தம் மாறியது. வெயிலுகந்தம்மாள் தோசைக்கல்லைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றாராம்.

"ஏய்யா சங்கிலி, ரெண்டுக்கு வரும்போது என்னமோ அரைக்குதே" என்று அன்றைக்கே கேட்டார்.

"இல்லையே அத்தை. எப்பவும் போலத்தான் இருக்கு" என்றான் அவன்.

பத்து நாளில் அவனுக்கும் கேட்டது. இரண்டுக்கும் மூன்றுக்கும் வரும்போது கர்ரென்று ஒரு இழுப்பு. சில நேரம் கியர் விழாமல் கையைத் தட்டிவிட்டது. ஒரு பட்டறையில் காட்டினான். பல்லெல்லாம் போயிருக்கும், பெட்டியையே மாற்றவேண்டும் என்றார்கள். இவ்வளவு பழைய வண்டிக்கு யார் புதுப் பெட்டி போடுவார்கள் என்று சொல்லி, பழைய இரும்புக்கு எடுக்கும் ஒருவரை அனுப்பி வைத்தார்கள். அவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். தங்கமாரி வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் குளத்தூருக்கு உப்பு லோடு. கிளம்பும் நேரத்தில் வெயிலுகந்தம்மாள் வந்து கதவுப் பக்கம் நின்றார்.

"நானும் வாரேன். ஒரு நடை கேட்டுப் பாக்கணும்."

"ஏற முடியுமா அத்தை?"

"கைப்பிடி அங்கனதானே இருக்கு" என்று சொல்லிக் கால் வைத்தார். முதல் தடவை முழங்கால் தூக்கவில்லை. இரண்டாம் தடவை ஏறிவிட்டார்.

அந்தப் பயணத்தைப் பற்றி அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சீட்டுக்குப் புது உறை போட்டிருந்தார்கள். ஆனால் உட்கார்ந்ததும் இடுப்பு பழைய பள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டதாம். இரண்டு நாள் மழை பெய்து கரிசல் முழுக்க ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. உளுந்தும் மக்காச்சோளமும் முளைத்திருந்தன. சங்கிலிப்பாண்டியின் போனில் ஓடிய பாட்டை நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார். காலடித் தகட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வைத்துக்கொண்டார்.

விளாத்திகுளத்துக்கு முன்னால் ஒரு ஆட்டுக் கிடை ரோட்டைக் கடந்தது. வண்டி மெதுவானது. இரண்டுக்கு வரும்போது அரைத்தது.

"இப்ப மூணுக்குப் போ" என்றார். அதுவும் அரைத்தது.

"சரி. இனி கிளட்சை ரெண்டு தரம் மிதி. ஒரு தரம் மிதிச்சு நியூட்ரல்ல விடு, காலை எடு. திரும்ப மிதிச்சுக் கியரைப் போடு. கீழ வரும்போது நடுவுல கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடு."

"அதெல்லாம் ரொம்பப் பழைய வண்டிக்குல்லா அத்தை."

"இது என்ன புது வண்டியா? போடு."

அவன் அப்படியே செய்தான். இரண்டும் விழுந்தது, மூன்றும் விழுந்தது. துளி சத்தம் இல்லை. ஐந்தாறு முறை செய்யச் சொல்லிக் கேட்டார்.

"பல்லு போகல. பல்லு போயிருந்தா எப்படிப் போட்டாலும் கத்தும். ரிங்தான் பிடிக்க மாட்டேங்கு" என்றார்.

விசயம் இதுதான். கியர்பாக்ஸுக்குள் பித்தளையில் சில ரிங்குகள் உண்டு. இரண்டு சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்றும்போது, ரிங் போய் உரசிப் பிடித்து வேகத்தை ஒன்றாக்கும். அப்புறம்தான் பல் சத்தமில்லாமல் விழும். கிளட்சை இரண்டு தரம் மிதித்தால் அந்த வேலையை டிரைவரே செய்துவிடுகிறார். அப்போது சத்தம் நின்றது என்றால் குறை ரிங்கில்தான்.

குளத்தூரில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்தபோது வடிகால் போல்ட்டை இளக்கி, ஒரு தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் எண்ணெய் பிடிக்கச் சொன்னார். போல்ட்டின் நுனியில் காந்தம் இருக்கும். உடைந்த இரும்பு இருந்தால் அதில் ஒட்டும். சாதாரணப் பொடி தவிர ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்ததும் எண்ணெய்க்குள் பொன் தூள் மாதிரி மினுங்கியது. காந்தத்துக்குப் பிடிபடாத பித்தளை.

பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். "இதை எங்கன வாங்குன?" என்று கேட்டார். அவன் என் கடையைச் சொன்னான்.

மறுநாள் காலை கடை திறந்து கொஞ்ச நேரத்தில் அத்தையும் மருமகனும் வந்து நின்றார்கள். அதற்கு முன்னால் அந்த அம்மாளை நான் பார்த்தது கிடையாது. பாட்டிலை மேசையில் வைத்தார்.

"அண்ணாச்சி, எங்க வண்டிக்குக் குடுத்த ஆயில் டப்பா ஒண்ணைத் திறந்து காட்டுங்க" என்றார்.

திறந்தேன். மோந்தார். "நாலாம் நம்பர் இருந்தா அதையும் திறங்க." திறந்தேன். அதையும் மோந்தார்.

"நீங்க குடுத்தது கிரௌனுக்கு ஊத்துதது. கியர்பாக்ஸுக்கு ஆகாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். "நான் இருபத்தஞ்சு வருசமா ஆயில் விக்குதேன் அக்கா. மோந்து பாத்துக் கண்டுபிடிக்க இது என்ன மீன் குழம்பா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் தீப்பெட்டி ஆபீஸ்ல நாலு வருசம் இருந்தவ. கந்தகம் எனக்குத் தெரியும். அஞ்சுல தூக்கலா இருக்கு, நாலுல கம்மியா இருக்கு. மருந்து முக்குத இடத்துக்கிட்ட என் பித்தளைத் தூக்குச்சட்டியை வச்சா ஒரு வாரத்துல கறுத்துப்போகும். தேச்சுத் தேச்சுக் கை வலிக்கும். எங்க வண்டிப் பெட்டிக்குள்ள ரிங்கு பித்தளை அண்ணாச்சி. அதை இந்த எண்ணெயில ரெண்டு மாசம் ஊறப் போட்டிருக்கோம்" என்றார்.

போனை எடுத்தேன். அவரை மடக்க வேண்டும் என்றுதான் எண்ணெய்க் கம்பெனியின் உதவி நம்பருக்கு அடித்தேன். எதிர்முனையில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார். வண்டி எந்த வருசம் என்றார். தொண்ணூற்று மூன்று என்று சங்கிலிப்பாண்டி சொன்னான். அந்தப் பெட்டிக்கு ஜி.எல். நாலுதான் என்றார் அவர். கிரௌன் என்பது பின் அச்சில் இருக்கும் பல்சக்கரம்; அதில் பல்லுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடும். அந்த அழுத்தத்துக்கு அஞ்சு வேண்டும். ஆனால் பழைய பெட்டிகளில் அந்த மருந்து பித்தளையை அரிக்கக்கூடும். எண்ணெய் அளவுக்கு மீறி வழவழப்பாக இருப்பதால் ரிங்கும் பிடிக்காது. புதுப் பெட்டிகள் சிலவற்றுக்கு அஞ்சு சரி. வண்டியின் புத்தகத்தில் போட்டிருப்பதைத்தான் ஊற்றவேண்டும், நம்பர் பெரிசு என்று மாற்றக்கூடாது என்று முடித்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எல்லோருக்கும் கேட்டது.

போனை வைத்துவிட்டு, "தப்பு என்னோடதுதான் அக்கா" என்றேன்.

"தெரியாமச் செஞ்சது. இனி தெரிஞ்சிக்கிடுங்க" என்றார். பேச்சு அவ்வளவுதான். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலாம் நம்பர் எண்ணெயும் கை பம்பும் எடுத்துக்கொண்டு நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். சங்கிலிப்பாண்டி வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்தான். பழைய எண்ணெயை முழுக்க வடித்தோம். கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றி, ஓடவிட்டு, அதையும் வடித்தோம். அப்புறம் நிரப்பினோம். தங்கமாரி நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். நிரப்பி முடிக்கும் நேரத்தில் எழுந்து வந்து, வண்டிக்குக் கீழே குனிந்து, நிரப்பும் துவாரத்தில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம். உதட்டுல ததும்பணும்" என்றார். காது கேளாதவர்களுக்கு உண்டான உரத்த குரல்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நான் பின் சீட்டில் ஏறினேன். வெயிலுகந்தம்மாள் ஏறப்போனவர் நின்று புருசனைப் பார்த்தார். கையை மட்டும் நீட்டினார். தங்கமாரி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்து ஏறி, இடது பக்கம் உட்கார்ந்தார். அவர் மனைவி பத்து வருசம் உட்கார்ந்த இடம். அவருக்கு அது புது இடம். வெயிலுகந்தம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ரோட்டுக்கு வந்ததும் தங்கமாரி கியர் கம்பியின் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். சங்கிலிப்பாண்டி மாற்ற மாற்ற அவர் கை அதிர்வைப் பிடித்தது. கிளட்சை ஒரே தரம் மிதித்துச் சாதாரணமாகவே மாற்றச் சொன்னார்கள். மூன்று சுத்தமாக விழுந்தது. நாலு விழுந்தது. இரண்டுக்கு வரும்போது மட்டும் லேசாக ஒரு உரசல்.

"மூணு சரியாயிட்டு. ரெண்டுதான் முனங்குது, என்னட்டி?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டார். வெயிலுகந்தம்மாள் இரண்டு விரலைக் காட்டித் தலையசைத்தார். ஒருவர் கையால் பிடித்ததும் மற்றவர் காதால் கேட்டதும் ஒன்றாகவே இருந்தது.

இரண்டாம் கியரின் ரிங் இரண்டு மாதத்தில் தேயவேண்டியதற்கு மேல் தேய்ந்துவிட்டது. அது எண்ணெயால் திரும்பி வராது. எனக்கு அதைக் கேட்க வருத்தமாக இருந்தது. தங்கமாரி அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஐந்து வருசமாக வாசலில் பேசாமல் உட்கார்ந்திருந்த மனிதர் அன்றைக்கு எட்டயபுரம் போய்த் திரும்பும்வரை பேசிக்கொண்டே வந்தார். விளாத்திகுளத்தில் வைப்பாற்றில் வெள்ளம் வந்து மூன்று நாள் இக்கரையில் நின்றதைச் சொன்னார். வண்டிக்குக் கீழே கல் கூட்டி, மழையில் நனையாமல் வெயிலுகந்தம்மாள் சோறு பொங்கினாராம். ஏற்றியிருந்தது வத்தல் லோடு. மூட்டையில் ஓட்டை போட்டு நாலு வத்தல் எடுத்துத் துவையல் அரைத்ததை வத்தல்காரரிடமே சொல்லிவிட்டார்களாம்.

"அவரு சிரிச்சுக்கிட்டே, எங்களுக்கு இல்லையான்னு கேட்டாரு" என்றார் தங்கமாரி.

வெயிலுகந்தம்மாள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளையில்லாதவ, ரோடு ரோடா அலையுதான்னு ஊரே பாவப்பட்டுது அண்ணாச்சி. அந்தப் பத்து வருசம்தான் நான் நல்லா இருந்தேன். மகள்கிட்ட இதைச் சொல்ல முடியாது. தப்பா எடுத்துக்கிடுவா."

தலையை ஆட்டினேன்.

இரண்டு மாதம் சங்கிலிப்பாண்டி இரண்டாம் கியருக்கு மட்டும் கிளட்சை இரண்டு தரம் மிதித்து ஓட்டினான். நான் மதுரையில் சொல்லி வைத்து ரிங் வரவழைத்தேன். தை மாதம் தூத்துக்குடியிலிருந்து குருசாமி மெக்கானிக்கே வந்து பெட்டியைத் திறந்து போட்டுக் கொடுத்தார். அப்போது ஐஸ்வர்யா பொங்கல் லீவுக்கு வந்திருந்தாள். கோயம்புத்தூரில் நர்சிங் கடைசி வருசம் படிக்கிறாள். இந்த வயதில் லாரியில் ஏறுவதாவது என்று போனிலேயே அம்மாவைத் திட்டியவள். ரிங் மாற்றிய பிறகு முதல் நடைக்கு அவளும் கூடப் போனாள். குளத்தூர் போய்ச் சேரும்வரை அம்மா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே போனாளாம். பத்து வருசத்தைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை அம்மா சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அவள் தலையெல்லாம் காற்றில் கலைந்திருந்தது. அம்மாவின் காக்கிச் சட்டை இன்னும் இருக்கிறதா என்று என் கடை வாசலில் வைத்துத்தான் கேட்டாள். அது கிழிந்து எத்தனையோ காலம் ஆயிற்று என்றார் அவர்.

இப்போது கியர் ஆயில் கேட்டு வருகிறவர்களிடம் எந்த வருச வண்டி, கியர்பாக்ஸுக்கா கிரௌனுக்கா என்று கேட்காமல் நான் டப்பாவைத் தொடுவதில்லை. அவசரக்காரர்கள் சலித்துக்கொள்கிறார்கள். சிலர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

புதன்கிழமைகளில் குளத்தூர் நடைக்கு இப்போது மூன்று பேர் போகிறார்கள். தங்கமாரி இடது பக்கம், வெயிலுகந்தம்மாள் நடுவில். போன வாரம் கிரீஸ் வாங்க நிறுத்தினார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அடுத்த எஃப்.சி. சோதனைக்கு நிறுத்தும்போது வண்டி தேறுமா அக்கா என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னும் நாள் கிடக்கு. குளத்தூர்ல லோடு காத்துக்கிட்டு நிக்கி, சீக்கிரம் குடுங்க" என்றார்.